முதல் பலகை

அமெரிக்காவில் நெடுஞ்சாலைத் தடம் ஒன்றை இரவு வேலைக்காக அடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. போக்குவரத்து இளைத்த பிறகு வேலையாட்கள் லாரியில் வந்து இறங்குவார்கள். அவர்கள் கை முதலில் படுவது தாரிலோ மண்வெட்டியிலோ அல்ல, ஒரு பலகையில். ஆரஞ்சு நிறச் சதுரம். மூலை மேலே இருக்கும்படி நிற்கும். முன்னே சாலைப்பணி நடக்கிறது என்ற சேதியைத் தவிர அதில் வேறொன்றும் இருக்காது. தடம் குறுகத் தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் முன்னால் அதை நிறுத்துவார்கள். பிறகு, வலது தடம் மூடியிருக்கிறது என்று சொல்லும் இரண்டாவது பலகை. அதற்கும் பிறகு, தடம் முடிவதைப் படமாகக் காட்டும் மூன்றாவது. கடைசியில்தான் தடத்தைச் சாய்வாக மூடும் டிரம் வரிசை. வேலை எப்போதும் வண்டிகள் வரும் பக்கத்தில் தொடங்கி முன்னோக்கியே நகரும். இரண்டாவது பலகையை நிறுத்துபவருக்கு முதல் பலகை காவல். டிரம்களை இறக்கி வைப்பவருக்கு மூன்று பலகைகளும் காவல்.

முதல் பலகையை நிறுத்துபவருக்குக் காவலாக எந்தப் பலகையும் கிடையாது.

சுழல்விளக்கு எரியும் லாரி ஒன்று அவர் பின்னால் நிற்கலாம். உடம்பில் மின்னும் பட்டைகள் தைத்த மேல்சட்டை இருக்கும். ஆனால் இன்னும் சிறிது நேரத்தில் இந்த இடத்தில் ஆட்கள் வேலை செய்வார்கள் என்பது அந்தச் சாலையில் வரும் ஒருவருக்கும் தெரியாத நேரத்தில், அதைச் சொல்லும் பொறுப்பு அவருடையது. சொல்லிவிட்டு அவர் அடுத்த பலகைக்கு நகர்ந்துவிடுவார். அதன் பிறகு அவர் சொன்ன சொல் மட்டும், சொன்னவர் இல்லாமல், இருட்டில் நிற்கும்.

தத்துவ நூல்களில் மிகப் பழைய கேள்வி ஒன்று இங்கே திரும்ப எழுகிறது. கண்ணால் காணாத ஒன்றை, முகம் தெரியாத ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக உண்மை என்று ஏற்கலாமா? ஏற்றுக்கொள்வது அறிவா, வெறும் பணிவா? வேதத்தையும் ஆகமத்தையும் முன்னால் வைத்து அறிஞர்கள் கேட்ட கேள்வி இது. நெடுஞ்சாலையில் இதற்கு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் விடை சொல்லியாக வேண்டும்.

தமிழில் இந்த விவாதத்துக்குச் சொந்தமாகவே ஒரு சொல் உண்டு: அளவை. எதைக் கொண்டு ஒன்றை உண்மை என்று அளக்கிறோமோ அது அளவை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும்போது, முதலில் அவள் காதில் விழுவது அளவைகளின் பட்டியல்தான். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் பௌத்த முறையில் அளவைகள் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன: காட்சி, கருத்து. பிறர் சொல் அங்கே தனி அளவை அல்ல. உலகாயதர் இன்னும் கறாரானவர்கள். கண்டதைத் தவிர எதையும் ஒப்பமாட்டார்கள். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார் அளவைகள் பலவற்றையும் மூன்றுக்குள் அடக்குகிறார்: காண்டல், கருதல், உரை. கண்டு அறிவது, கண்டதிலிருந்து ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லி அறிவது.

இந்த மூன்றையும் அந்த ஆரஞ்சுப் பலகையைத் தாண்டி வரும் ஓட்டுநரிடம் வைத்துப் பார்க்கலாம். காண்டல் அவருக்கு உதவாது. அவர் கண்ணுக்குச் சாலை திறந்துதான் கிடக்கிறது. மூன்று தடங்களும் சுத்தமாக இருக்கின்றன. ஹெட்லைட் எட்டும் தூரம்வரை ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. கருதலுக்கும் பிடிமானம் இல்லை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம், இங்கே புகைகூட இல்லை. மேட்டுக்கு அப்பாலோ வளைவுக்கு அப்பாலோ நடக்கும் வேலையின் ஓசை மூடிய கண்ணாடியைத் தாண்டி வராது. எஞ்சியிருப்பது உரை ஒன்றுதான்.

அந்த உரையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? அமெரிக்கா முழுவதும் பின்பற்றப்படும் போக்குவரத்துச் சாதனங்களுக்கான கையேடு 1935-ல் முதலில் வந்தது. அதன் பதினோராம் பதிப்பு 2023 டிசம்பரில் வெளியானது. அதிவேகச் சாலைகளுக்கு அது காட்டும் இடைவெளிகள் இவை: முதல் பலகைக்கும் இரண்டாவதற்கும் நடுவே 2,640 அடி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 1,500 அடி, மூன்றாவதிலிருந்து தடம் குறுகும் இடத்துக்கு 1,000 அடி. கூட்டினால் 5,140 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 88 அடி ஓடும். ஆக, முதல் பலகையைத் தாண்டியதிலிருந்து தடம் குறுகத் தொடங்கும்வரை ஓட்டுநருக்குக் கிடைப்பது 58 நொடி. பிறகு 12 அடி அகலத் தடம் ஒன்று 720 அடி நீளத்துக்குச் சாய்வாக மூடப்படும். அதைக் கடக்க எட்டு நொடி.

பதினெட்டாம் நூற்றாண்டில் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் அற்புதங்களைப் பற்றி எழுதிய பகுதியில் ஓர் இந்திய இளவரசன் வருகிறான். கடுங்குளிர் தண்ணீரை என்ன செய்யும் என்று பிறர் சொன்னபோது அவன் நம்ப மறுத்தான். அவன் பக்கம் நியாயம் இருந்தது என்பதே ஹ்யூமின் கணிப்பு; தன் அனுபவத்துக்கு முற்றிலும் வெளியே இருந்த ஒன்றை ஏற்க அவன் வலுவான சான்று கேட்டதில் தவறில்லை. அந்த இளவரசனுக்கு ஒரு வசதி இருந்தது. பனிக்கட்டி உண்டா இல்லையா என்பதை அவன் வாழ்நாள் முழுவதும் தள்ளிப்போடலாம். நம்பாமல் இருந்ததால் யாருக்கும் கேடில்லை. நெடுஞ்சாலையில் சான்று கேட்பவருக்குச் சான்று கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது 58 நொடி கழித்து, டிரம்களாகவும் லாரியின் பின்பக்கமாகவும் மனித உடலாகவும் வந்து சேரும். சான்று வரும் நேரத்தில் அதைக் கொண்டு செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

எச்சரிக்கை என்ற பேச்சு வகைக்கே உள்ள சிக்கல் இது. ஒருவர் ஓர் எச்சரிக்கையைக் கேட்டு விலகிவிட்டால், அது உண்மைதான் என்று அவர் கண்ணால் காணும் வாய்ப்பும் போய்விடுகிறது. தடம் மாறி, வேகம் குறைத்து, வேலை இடத்தைத் தாண்டிப் போனவர் வீட்டில் போய்ச் சொல்வது, வழியில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதைத்தான்.

பலகையின் ஒளியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சாதாரணமாகப் பளபளக்கும் பொருள் அல்ல. கண்ணாடியில் பட்ட ஒளி எதிர்க்கோணத்தில் தெறித்துப் போகும். வெள்ளைச் சுவரில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். இந்தப் பலகையில் ஒட்டிய தாள் இரண்டையும் செய்யாது. ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைத் திருப்பி அனுப்பும். பழைய வகைத் தாளில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். ஒளி ஒவ்வொரு மணிக்குள்ளும் வளைந்து நுழைந்து, பின்சுவரில் மோதி, வந்த வழியே வெளியேறும். புதிய வகையில் மணிகளுக்குப் பதில் நுண்ணிய பட்டகங்கள். ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திப்பதுபோல மூன்று முகங்கள் சந்திக்கும் மூலைக்குள் விழுந்த ஒளிக்கு வந்த திசையில் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. யார்க்‌ஷயரில் பெர்சி ஷா 1934-ல் காப்புரிமை கோரிய, சாலையின் நடுவில் பதிக்கும் பூனைக்கண் மணிகளும் ஒளியை வந்த வழியே திருப்புபவைதான். த்ரீ எம் நிறுவனம் 1930-களின் இறுதியில் மினசோட்டாவில் இந்தத் தாளைச் சாலைப் பலகைக்குக் கொண்டுவந்தது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் விட்டுவந்த சட்டத்திலும் இதே மூலைத் தத்துவம்தான்: நூறு கண்ணாடி மூலைகள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் இன்றும் அதில் பட்டு, சுமார் இரண்டரை நொடியில் திரும்புகிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்று இப்படித்தான் அளந்தார்கள்.

ஆரஞ்சு நிறமும் யோசித்துத் தேர்ந்ததே. 1971 பதிப்பிலிருந்து அது அமெரிக்காவில் சாலைப்பணிக்கென்று ஒதுக்கப்பட்டது. இப்போது பயன்படும் ஒளிர் ஆரஞ்சு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் வாங்கி ஆரஞ்சாக மாற்றித் தருவதால் விடியலிலும் அந்தியிலும் தனித்துத் தெரியும். இரவில் அந்த வேலை நின்றுவிடும். மணிகளும் பட்டகங்களும் பொறுப்பேற்கும்.

இந்த இயக்கத்தில் மூன்று விஷயங்கள் சிந்திக்க வேண்டியவை. பலகைக்கென்று சொந்த ஒளி இல்லை. ஒவ்வோர் ஓட்டுநரும் தன் விளக்கு கொண்டுவரும் ஒளியிலேயே அதைப் படிக்கிறார். இரண்டாவது, எல்லோருக்கும் அது ஒரே அளவில் தெரிவதில்லை. ஒளி ஒரு குறுகலான கூம்பாகத்தான் திரும்புகிறது. காரில் விளக்கும் கண்ணும் நெருக்கமாக இருப்பதால் அதன் ஓட்டுநருக்குப் பலகை பிரகாசமாகத் தெரியும். பெரிய லாரியில் ஓட்டுநர் விளக்குகளுக்கு வெகு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்குத் திரும்பி வருவது குறைவு. நிறுத்துவதற்கு அதிக தூரம் தேவைப்படும் வண்டிக்காரருக்கே சேதி மங்கலாகக் கிடைக்கிறது என்பது பொறியாளர்களை இன்றும் உறுத்தும் குறை. தாளின் தரத்தைக் கூட்டிக்கொண்டே போனதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதுதான் மனத்தைப் பிசைவது. கையில் விளக்கில்லாமல் சாலையோரம் நிற்பவருக்கு இந்தப் பலகை ஒளிராது. ஒளி வண்டிகளுக்குத் திரும்பிப் போகிறது. அவர் பக்கம் வருவதில்லை. வேலை செய்பவர்கள் இருக்கும் பக்கத்திலோ பலகையின் முதுகுதான் இருக்கிறது. யார் உயிருக்காக அது எரிகிறதோ அவர்கள் அது எரிவதைப் பார்ப்பதே இல்லை.

சொன்னவர் கண்ணில் படாமல் சொல் மட்டும் நிற்பதால், பலகை மெல்ல மெல்ல யாரும் சொல்லாத சொல்லைப்போல ஆகிவிடுகிறது. மலை இருப்பதுபோல, மரம் இருப்பதுபோலப் பலகையும் இருக்கிறது. இந்திய மரபில் இப்படி ஒரு சொல்லைப் பற்றி மிக ஆழமாக யோசித்தவர்கள் மீமாம்சகர்கள். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது அவர்கள் கொள்கை. சொல்லில் பிழை நுழைவது சொல்பவரின் அறியாமையாலும் ஆசையாலும்தான். சொல்பவரே இல்லாத சொல்லில் அவை நுழைய வழியில்லை. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. சொல் நம்பத்தக்கதாவது சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதால்தான் என்றார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆப்தன் என்று பெயர் வைத்தார்கள். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்குச் சொல்லும் இலக்கணம் எளிமையானது: விஷயத்தை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்க விரும்ப வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்று அவர் சேர்த்துச் சொல்வது அவர் காலத்துக்குத் துணிச்சலான வாக்கியம்.

சாலைப் பலகை விஷயத்தில் நியாய மரபுதான் சரி. தலைக்கவசமும் மின்னும் சட்டையும் போட்டுக்கொண்டு, மணிக்கூலிக்கு இரவில் நிற்கும் ஒருவர் ஆப்தனின் இலக்கணத்தை முழுதாக நிறைவேற்றுகிறார். இடம் அவருக்கு நேரில் தெரியும், ஏனென்றால் அவர் அங்கேயே நிற்கப்போகிறார். தெரிந்ததைச் சொல்ல அவருக்கு உள்ள விருப்பத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை; அவர் உயிர் அதில் இருக்கிறது. அவர் வேதம் ஓதாதவராக இருக்கலாம், ஓட்டுநரின் மொழியைப் பேசாதவராகக்கூட இருக்கலாம். அந்தப் பலகை அவருடைய வாக்கு. அதை ஆசிரியர் இல்லாத சொல்லாகப் பார்த்துப் பழகுவதே, வேகத்தைக் குறைக்காமல் அதைத் தாண்டிப் போவதற்கான முதல் படி. இரும்பை அலட்சியம் செய்வது எளிது. ஒரு மனிதர் முகத்துக்கு நேராகச் சொல்வதை அலட்சியம் செய்வது அவ்வளவு எளிதல்ல.

மீமாம்சகர்களிடமிருந்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். வேதத்தின் சாரம் விதி, அதாவது செய் என்ற ஏவல் என்றார்கள் அவர்கள்; இது இப்படி இருக்கிறது என்ற செய்திகளெல்லாம் அந்த ஏவலுக்குத் துணை. அமெரிக்கச் சாலையில் இரண்டுக்கும் வடிவமே வேறு. ஏவும் பலகை பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் நிமிர்ந்த செவ்வகமாக இருக்கும். வேக வரம்பு அதில்தான் எழுதப்படும், மீறினால் அபராதம். மூலை மேலாக நிற்கும் சதுரம் ஏவுவதில்லை. வலது தடம் முன்னால் மூடியிருக்கிறது என்கிறது, அவ்வளவே. இதைத் தெரிந்துகொண்டு நீ செய்ய வேண்டியதைச் செய் என்று எதிரில் இருப்பவரை அறிவுள்ளவராக மதித்து விட்டுவிடுகிறது. சாலைப்பணி நடக்கும் இடத்தில் அபராதம் இரட்டிப்பு என்று பல மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. அது தேவையும்தான். ஆனால் அபராதத்துக்குப் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பவர் காவல்துறையின் கார் இருக்கிறதா என்று பார்க்கிறார். சேதியை நம்பிக் காலை எடுப்பவர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறார். அந்தக் கடைசிச் சில நொடியில் இருவர் கண்ணும் போகும் இடம் வேறு.

நம்ப வேண்டியது ஓட்டுநரின் கடமை என்றால், நம்பத்தக்கதாக இருக்க வேண்டியது யார் கடமை?

வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு நியாய சூத்திரம் ஒரு விடை வைத்திருக்கிறது. மந்திரமும் ஆயுர்வேதமும் சொன்னபடி பலிப்பதைக் காண்கிறோம். சோதித்துப் பார்க்கக்கூடிய இடத்தில் உண்மை பேசியவர்கள் சோதிக்க முடியாத இடத்திலும் உண்மைதான் பேசியிருப்பார்கள் என்று கொள்வது நியாயம். மருந்து பலித்ததால் மறுமை பற்றிய சொல்லுக்கும் மதிப்பு வருகிறது. இந்த வாதம் வேதத்துக்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம்; சாலைக்கு அப்படியே பொருந்துகிறது. நேற்று ஒரு பலகையைத் தாண்டியபோது உண்மையிலேயே தடம் மூடியிருந்தது. முந்தாநாளும் அப்படியே. அதனால்தான் இன்று காணாத தடத்தை ஓட்டுநர் நம்புகிறார். ஒவ்வோர் உண்மையான பலகையும் அடுத்த பலகைக்குக் கடன் கொடுக்கிறது.

ஒவ்வொரு பொய்ப் பலகையும் அந்தக் கடனை வாரிக்கொண்டு போகிறது. வேலை முடிந்து மூன்று வாரமாகியும் முன்னே சாலைப்பணி என்று நிற்கும் பலகைகளைப் பார்க்காத ஓட்டுநர் எந்த நாட்டிலும் இருக்கமாட்டார். புலி வருது கதையில் பையனின் பொய்க்குப் பையன்தான் விலை கொடுத்தான். இங்கே ஒரு குழு எடுக்காமல் விட்ட பலகைக்கு, அந்தச் சாலையில் இருபது மைல் தள்ளி வேறொரு குழுவில் இருப்பவர் விலை கொடுக்கிறார். இவரை அவர்களுக்குத் தெரியாது. ஓட்டுநருக்கு மட்டும் இரண்டு பலகையும் ஒரே வாய் பேசிய சொல். வேலை நிறுத்தப்பட்டால் பொருந்தாத பலகைகளை எடுத்துவிட வேண்டும் அல்லது மூடிவைக்க வேண்டும் என்று கையேடு கட்டாயமாகச் சொல்வது இதனால்தான். அதே கையேடு எந்தப் போக்குவரத்துச் சாதனமும் நிறைவேற்ற வேண்டியவை என்று ஐந்தைக் குறிப்பிடுகிறது: தேவை ஒன்றைத் தீர்ப்பது, கவனத்தை இழுப்பது, எளிய தெளிவான பொருளைச் சொல்வது, மரியாதையைப் பெறுவது, பதிலுக்குச் செய்யப் போதிய நேரம் தருவது. பொறியியல் கையேட்டில் மரியாதை என்ற சொல் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒளியையும் எழுத்தின் அளவையும் தூரத்தையும் கருவி வைத்து அளக்கலாம். மரியாதையை உண்மை பேசித்தான் வாங்க முடியும்.

அந்த உண்மைக்கு ஆகும் செலவு சிறியதல்ல. பலகைகளை எடுப்பது பெரும்பாலும் வைத்ததற்குத் தலைகீழான வரிசையில் நடக்கும். டிரம்கள் முதலில் போகும். முதலில் நின்ற பலகை கடைசியில் போகும். அதாவது இரவு முழுக்க உழைத்துக் களைத்த ஒருவர், விடியற்காலை அவசரத்தில் வண்டிகள் பெருகும் நேரத்தில், எந்தப் பலகையின் காவலும் இல்லாமல் மறுபடி சாலையோரம் போய் நிற்க வேண்டும். பொய்யாகிவிட்ட ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவதற்காக மட்டும். விட்டுவிட்டுப் போகும் சபலம் புரிந்துகொள்ளக்கூடியதே. போய் எடுப்பவரை வாய்மையாளர் என்று அழைப்பதில் மிகை ஏதும் இல்லை.

ஆனால் ஓட்டுநர்கள் பொய் என்று நினைப்பதெல்லாம் பொய்யல்ல. தடம் மூடியிருக்கிறது, டிரம்கள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே பார்த்தால் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. வெறும் தார்ச்சாலை. எதற்காக இப்படி அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று எரிச்சல் வரும். அந்த வெற்றிடத்துக்கு ஒரு பெயரும் கணக்கும் உண்டு. சாய்ந்து வரும் டிரம் வரிசை முடியும் இடத்துக்கும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே காப்பிடைவெளி விடுவார்கள். 60 மைல் வேகச் சாலையில் அது 570 அடி. கட்டுப்பாடு இழந்த வண்டி ஒன்று பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம். அதற்குள் வேலை நடக்கக் கூடாது, சாமான் வைக்கக் கூடாது. கவனிக்காமல் உள்ளே வந்துவிட்ட ஒருவர் யாரையும் கொல்லாமல், தானும் சாகாமல் நிற்பதற்காக அந்த 570 அடியும் காலியாக விடப்பட்டிருக்கிறது. எச்சரிக்கையை மதிக்காதவருக்கும் சேர்த்து இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வெறுமை என்று எரிச்சலோடு பார்க்கப்படும் அந்தத் தார்த்துண்டு, சாலைப் பொறியியலில் கருணைக்கு மிக அருகில் வரும் ஒன்று.

அது யாருக்கான கருணை என்பதையும் எண்கள் சொல்கின்றன. சமீப ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைப்பணி இடங்களில் ஆண்டுக்கு எண்ணூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் தொழிலாளர்கள் அல்ல. வண்டி ஓட்டியவர்களும் அதில் உட்கார்ந்து வந்தவர்களும். நின்றிருக்கும் வண்டி வரிசையின் வாலில் பின்னால் வந்து மோதுவது அடிக்கடி நடக்கும் ஒன்று. யாரோ ஒரு கூலித் தொழிலாளிக்காகத் தன் நேரத்தை விட்டுக்கொடுப்பதாக நினைக்கும் ஓட்டுநரிடம், அந்தத் தொழிலாளி இருட்டில் நின்று சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஓட்டுநரின் உயிரைப் பற்றித்தான். 2002 முதல் ஊர் ஊராகக் கொண்டுபோய் வைக்கப்படும் சாலைப்பணி நினைவுச் சுவரில் தொழிலாளர் பெயர்களோடு பயணிகளின் பெயர்களும் குழந்தைகளின் பெயர்களும் கலந்தே எழுதப்பட்டிருக்கின்றன.

பால்டிமோர் நகரைச் சுற்றி ஓடும் சாலைக்கு 695 என்று எண். 2023 மார்ச் 22, பட்டப்பகல். அந்தச் சாலையில் விரிவாக்க வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் நடுப்பகுதியில், கான்கிரீட் தடுப்புகளுக்குப் பின்னால் இருந்தார்கள். மணிக்கு 100 மைலுக்கும் அதிகமான வேகத்தில் வந்த இரண்டு கார்கள் தடம் மாறும்போது ஒன்றோடொன்று உரசின. ஒரு கார் தடுப்பில் வேலை வண்டிகள் போய்வருவதற்காக விட்டிருந்த திறப்பு வழியாக உள்ளே பாய்ந்தது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வேகத்தில் எந்தப் பலகையும் சொல்லாக எஞ்சுவதில்லை. கண்ணோரம் கடந்து போகும் ஒரு நிறக்கீற்று மட்டுமே. மேரிலாந்து அடுத்த ஆண்டு சாலைப்பணி இட அபராதங்களைக் கூட்டிச் சட்டம் இயற்றியது.

ஓராண்டும் நான்கு நாளும் கழித்து, 2024 மார்ச் 26 அதிகாலை. அதே 695 சாலை படாப்ஸ்கோ ஆற்றைக் கடக்கும் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் மேல் எட்டுப் பேர் இருந்தார்கள். சாலைக் குழிகளை அடைக்கும் வேலை. கொழும்புக்குப் புறப்பட்ட டாலி என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தை நோக்கி மிதந்து வந்தது. கப்பல் பணியாளர்கள் 21 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். கப்பலிலிருந்து ஆபத்துச் சேதி போனது, காவலர்கள் பாலத்தின் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்கள். ஓட்டுநர்கள் காரணம் தெரியாமலே நின்றார்கள். காண்டலும் இல்லை, கருதலும் இல்லை. கைகாட்டிய ஒருவரின் சொல் மட்டும். நின்றதால் பிழைத்தார்கள். ஆற்றின் மேல் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு நிற்கிறேன் என்று யாரும் வாதாடவில்லை.

பாலத்தின் மேல் வேலையாட்கள் இருக்கிறார்கள் என்பது காவலர்களுக்கு நினைவிருந்தது. இன்னொரு வண்டி வந்து இந்த இடத்தைப் பார்த்துக்கொண்டால், தானே மேலே ஓட்டிப்போய் அவர்களிடம் சொல்வதாக ஒரு காவலர் வானொலியில் சொன்னது பதிவாகியிருக்கிறது. அடுத்த வண்டி வருவதற்குள் பாலம் விழுந்தது. வேலையாட்கள் இடைவேளையில் தங்கள் வண்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரில் இருவர் பிழைத்தார்கள். இறந்த ஆறு பேரும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். ஆற்றடியில் சிதைந்து கிடந்த இரும்பை வெட்டி எடுத்து ஒவ்வொருவராகத் தேடினார்கள். ஆறாவது உடல் மே 7 அன்று கிடைத்தது.